கன்னிமூலைக் கால்

ராஜம்மாளுக்கு வீடு இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க சர்க்காருக்கு ஒரு வருஷம் பிடித்தது. இத்தனைக்கும் அவள் ஒளிந்து வாழ்ந்தவள் இல்லை. திருக்கடையூரிலிருந்து மேற்கே போகும் சாலையோரம், பெரிய பண்ணையின் மடையடித் தாக்கு என்கிற நிலத்து மூலையில், போகிற வருகிற பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் பார்க்கும்படிதான் அவள் குடிசை நின்றது. பஸ்ஸில் போகிறவனுக்குத் தெரிந்தது, ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்குத் தெரியாமல் போயிற்று. என்னத்தைச் சொல்ல.

அவள் கடலோரத்துக்காரி. ஐம்பத்திரண்டாம் வருஷப் புயலில் புருஷனையும் குப்பத்து வீட்டையும் சேர்த்துப் பறிகொடுத்தாள். இடுப்பில் கைக்குழந்தை சௌந்தரநாயகியோடு மேற்கே நடந்து வந்தவளை அப்போதிருந்த பழைய பண்ணையார் பார்த்து, மடையடித் தாக்கு மேட்டில் ஒரு குடிசை போட்டுக்கொள்ளச் சொன்னார். தரும சிந்தனை என்று யாரும் உருகிவிட வேண்டாம். அந்த மேட்டில் நடவு ஆகாது. ஆனால் நாற்றுக்கு அதைப் போல இடம் கிடையாது. மடை பக்கத்திலேயே இருக்கிறது, தண்ணீர் தேங்காது, நாற்று அழுகாது. அதை ஆடு மாடு மேயாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. சம்பளம் கேட்காத ஆள் தானாக வந்து நின்றாள்.

ராஜம்மாள் பண்ணை வயலில் நாற்றுப் பறித்தாள், நட்டாள், அறுத்தாள். வயல் வேலை இல்லாத மாதங்களில் கடற்கரை வரை நடந்து போய் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக விற்றாள். மகளை வளர்த்து, குத்தாலத்தில் அரிசி மில் வேலைக்காரன் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தாள். யாரிடமும் கையேந்தவில்லை.

அந்த மேட்டில் குடியிருக்க ஒரு நிபந்தனை இருந்தது. ஆனி பிறந்து, வாய்க்காலில் புதுத்தண்ணீர் வரப்போகிறது என்று தெரிந்ததும் குடிசையைப் பிரித்துவிட வேண்டும். மேட்டை உழுது சேறாக்கிக் குறுவைக்கு நாற்று விடுவார்கள். நாற்றுப் பறித்து முடிந்த பிறகு அவள் திரும்ப வந்து குடிசை போட்டுக்கொள்ளலாம். நடுவில் உள்ள ஒரு மாதம் சாலையோர மதகுக் கொட்டகைதான் கதி. மதகுக் கதவைத் திருகும் கம்பியும் மண்வெட்டியும் போட்டு வைக்கிற இடம் அது. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு. மழை எப்போதும் அந்தத் திறந்த பக்கத்திலிருந்துதான் அடிக்கும். கீற்றையும் மூங்கிலையும் சட்டி பானையையும் சுமந்துகொண்டு வருஷா வருஷம் போவாள், வருஷா வருஷம் வருவாள்.

எல்லாவற்றையும் பிரித்தாலும் ஒரே ஒரு காலை மட்டும் பிடுங்க மாட்டாள். தென்மேற்கில், கன்னிமூலையில் நட்ட பனங்கால். கடலோரத்தில் அவள் குப்பத்தில் அப்படி ஒரு வழக்கம். மணல் ஏறி வீட்டை மாற்றிப் போட வேண்டி வந்தாலும், புதுக் கால் ஊன்றுகிற வரைக்கும் பழைய கன்னிமூலைக் காலை விட்டுவைப்பார்கள். அது நிற்கிறவரை வீடு போகவில்லை, வீட்டு மனிதர்கள் வெளியே போயிருக்கிறார்கள், அவ்வளவுதான். புயலுக்கு மறுநாள் அவள் போய்த் தேடியதும் அந்தக் காலைத்தான். அது இல்லை என்று கண்ட பிறகே மேற்கே திரும்பி நடந்தாள்.

ஆக, பண்ணையின் நாற்றங்கால் நடுவே ஒற்றைப் பனங்கால் நிற்கும். ஏர் ஓட்டுகிறவன் அதைச் சுற்றி வளைத்து ஓட்டிக்கொண்டே திட்டுவான். நாற்றுப் பறிக்கிற பெண்கள் இடுப்பு விட்டுப்போனால் அதில் சாய்ந்து நின்று வெற்றிலை போடுவார்கள். அவர்களில் மூத்தவள் ரெங்கம்மாள், வாய்த்துடுக்குக்காரி. "யாரு ராஜம்மா இது, ஒன் வீட்டுக்காரரா? சேத்துல நின்னுக்கிட்டு நகர மாட்டேங்கிறாரே" என்பாள். ராஜம்மாளும் சிரித்துவிடுவாள்.

எழுபத்தொன்றாம் வருஷம் வைகாசி முடிகிற நேரம். பழைய பண்ணையார் காலமாகி, மகன் மாயவரத்தில் பங்களா கட்டிக்கொண்டு போய்விட்டார். பண்ணையைப் பார்த்துக்கொண்டது காரியஸ்தர் காயாரோகணம். மனிதர் யாரையும் அதட்டிப் பேச மாட்டார். பேச்சில் சர்க்கரை தடவியிருக்கும், அதுதான் அவரிடம் பயப்பட வேண்டிய விஷயம். அவர் குடிசைக்கே வந்து, இந்தத் தடவை டிராக்டர் வைத்து ஓட்டப் போகிறோம், அந்தக் கால் சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும், அதையும் பிடுங்கிவிடு என்றார். நாற்றுப் பறித்த பிறகு நாலு புதுப் பனங்கால் தானே தருவதாகவும், குடிசையைக் கொஞ்சம் அகலமாகவே போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

ராஜம்மாள் ஒரு நாள் பூராவும் யோசித்தாள். சௌந்தரநாயகி தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு வந்திருந்தாள். பிள்ளை பிறந்தால் தூளி கட்ட இடம் வேண்டும். புதுக் கால் வருகிறது என்றால் பழையதைப் பிடுங்குவதில் தோஷம் இல்லை என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். கடப்பாரை வாங்கி வந்து தன் கையாலேயே தோண்டிப் பிடுங்கினாள். இடத்தைப் பெருக்கி, குழியை மூடி, மண்ணை மிதித்துச் சமமாக்கிவிட்டுப் போனாள். அந்த மேட்டில் ஒருத்தி குடியிருந்தாள் என்பதற்கு ஓர் அடையாளமும் மிச்சமில்லை. டிராக்டர் வரவில்லை. எப்போதும் போல ஏர்தான் ஓடியது.

பிரசவ வலி எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே கண்டது. மதகுக் கொட்டகையில், காற்றும் மழையும் சுழன்று அடிக்கிற பொழுதில். திறந்த பக்கத்தில் இரண்டு புடவையைச் சேர்த்துக் கட்டி ரெங்கம்மாளும் இன்னும் நாலு பெண்களும் முதுகு கொடுத்து நின்றார்கள். ஆண் பிள்ளை. நன்றாக அழுதது. உலர்ந்த துணி என்று ஒரு முழம்கூட இல்லை, தீ மூட்ட ஒரு காய்ந்த சுள்ளி இல்லை. விடிவதற்குள் பிள்ளை சில்லிட்டுப் போயிற்று. ஆனி ஐந்தாம் தேதி காலை வாய்க்கால் கரையில் புதைத்தார்கள். சௌந்தரநாயகி அழவில்லை. அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை ராஜம்மாளால் தாங்க முடியவில்லை. காலைப் பிடுங்கினோமே, காலைப் பிடுங்கினோமே என்றே அவள் மனசு அரற்றியது.

குடியிருப்புச் சட்டம் வந்த செய்தியை அவளுக்குச் சொன்னது ஜெக்கரியா. சாலை முக்கில் மளிகையும் டீயும் ஒன்றாக வைத்திருந்தவர், கடை வாசலில் கறுப்பு சிவப்புக் கொடி கட்டியவர். ராஜம்மாள் கூடையை இறக்கி வைத்து இளைப்பாறுகிற இடம் அந்தக் கடை. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு விவசாய வேலை செய்கிறவர்களுக்கு அந்தக் குடிசை மனை சொந்தம் என்று சட்டம் வந்திருக்கிறது, சிறப்புத் தாசில்தார் ஊர் ஊராக வந்து விசாரிப்பார் என்று பேப்பரைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு, இதற்கு ஒரு தேதி இருக்கிறது, அந்தத் தேதியில் அங்கே குடியிருந்திருக்க வேண்டும் என்றார். ஜூன் பத்தொன்பது.

அது தமிழுக்கு எத்தனை என்று கேட்டாள். ஜெக்கரியா நாள்காட்டியைத் திருப்பிப் பார்த்தார். கொட்டகையில் நடந்தது அவருக்கும் தெரியும். காலையில் புதைக்கும்போது குழந்தையைச் சுற்றப் புதுத்துணி கொடுத்ததே அவர் மனைவி ஹலீமாதான்.

"ஆனி அஞ்சுக்கா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "யாரு கேட்டாலும் வீட்டுல இருந்தேன்னு சொல்லுங்க. ஒரே வார்த்தை. வேற எதுவும் பேசாதீங்க."

அந்த வருஷத்து நிலைமை உங்களுக்குத் தெரிய வேண்டும். தாலுகா பூராவும் செங்கொடி ஊர்வலமும் போலீஸ் வண்டியும்தான். விசாரணைக்கு ஆள் வருவதற்கு முன்னால் குடிசையே இல்லாமல் செய்துவிட வேண்டும் என்று சில பண்ணைகளில் இரவோடு இரவாகக் கீற்றைப் பிய்த்தார்கள். ஜனங்கள் தூங்கும்போது தலைமாட்டில் ஒரு குடம் தண்ணீர் வைத்துக்கொண்டு தூங்கினார்கள், நெருப்புக்குப் பயந்து. காயாரோகணம் மட்டும் ராஜம்மாள் குடிசைப் பக்கமே வரவில்லை. இப்படி ஒரு சட்டம் வரப்போகிறது என்பது மெட்ராஸிலிருந்து பண்ணைக்குக் காற்றுவாக்கில் முன்பே எட்டியிருந்தது. அவர் செய்ய வேண்டியதை வைகாசியிலேயே சர்க்கரை தடவிச் செய்து முடித்துவிட்டார். நாலு புதுக் கால் என்றாரே, ஒரு குச்சிகூட வரவில்லை. அவள் பழைய காலையே நட்டுக் குடிசை போட்டாள்.

மாசி மாதம் பண்ணைக் களத்தில் மேஜை போட்டு விசாரணை நடந்தது. தாசில்தார் நடுத்தர வயது, மூக்குக்கண்ணாடி, கடுகடுப்பு இல்லாதவர். ராஜம்மாளுக்குப் பின்னால் சௌந்தரநாயகி நின்றாள். மறுபடியும் உண்டாகி, ஐந்தாவது மாதம்.

காயாரோகணம் எழுந்து, இந்தம்மா விவசாயக் கூலியே இல்லை, மீன்காரி, இவளுக்கும் இந்தச் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்றார். தவிர மடையடித் தாக்கு நாற்றங்கால் நிலம், அங்கே யாரும் குடியிருந்ததில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். ரெங்கம்மாள் சும்மா இருப்பாளா. அப்படியானால் இருபது வருஷமாக என் பக்கத்தில் குனிந்து நட்டது யார், பேயா என்று கேட்டாள். களமே சிரித்தது. தாசில்தாரும் சிரித்துக்கொண்டே, சரி, விவசாயக் கூலிதான் என்று எழுதிக்கொண்டார். ஜெக்கரியாவுக்கு மூச்சு வந்தது. பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

"ஏம்மா, போன ஜூன் பத்தொன்பதாம் தேதி நீங்க எங்க இருந்தீங்க?" என்று தாசில்தார் கேட்டார்.

ஒரே வார்த்தை. ஜெக்கரியா தூரத்தில் நின்று தலையை ஆட்டினார். ராஜம்மாள் வாயைத் திறந்தாள். முதுகுக்குப் பின்னால் மகள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. வீட்டில் இருந்தேன் என்று எப்படிச் சொல்வாள்? வீடு இருந்தது என்றால் பிள்ளையை ஏன் மழையில் சாகவிட்டாய் என்று பெற்றவள் கேட்க மாட்டாளா? வாயால் கேட்காவிட்டாலும் வயிற்றுக்குள் கேட்பாளே.

"மதகுக் கொட்டகையில இருந்தேங்க" என்றாள். "அன்னிக்கு எனக்கு ஒரு வீடு இருந்திருந்தா எம் பேரன் பொழச்சிருப்பான்."

காயாரோகணம் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தாசில்தாருக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்கு அந்த இடத்தில் உன்னுடையது என்று ஏதாவது இருந்ததா அம்மா, ஒரு மண்சுவர், ஓர் அடுப்பு, ஒரு கால், ஏதாவது என்று கேட்டுப் பார்த்தார். வருஷா வருஷம் ஒரு கால் நிற்கும், அந்த வருஷம் மட்டும் நானே பிடுங்கிவிட்டேன் என்றாள். ரெங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். நாற்று முளைத்து நின்ற இடத்தைக் குடியிருப்பு என்று எழுத எனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி, தாசில்தார் மனுவைத் தள்ளிவிட்டார். கிளம்பும்போது, வீடில்லாதவர்களுக்கு இலவச மனை கொடுக்கிறார்கள், அதற்கு எழுதிப் போடுங்கள் என்று நல்லெண்ணத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

எழுதிப் போட்டாள். ஜெக்கரியாதான் எழுதினார். பங்குனியில் கிராம முன்சீப் விசாரிக்க வந்து, குடிசை வாசலில் நின்று, உள்ளே எட்டிப் பார்த்தார். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வீடில்லாதவர் என்றால் எங்கேயும் குடிசை இருக்கக் கூடாது, இதோ கூரையும் அடுப்புமாக நிற்கிறதே என்றார். கூட வந்த காயாரோகணம், ஆமாம் ஆமாம், பண்ணை தயவில் சௌக்கியமாகவே இருக்கிறாள் என்றார். மாசியில் இங்கே யாரும் குடியிருந்ததில்லை என்று சொன்ன அதே வாய். புளுகுவதற்கும் ஒரு வெட்கம் வேண்டாமா!

கடைசியாகக் கடற்கரைப் பக்கம் மீனவர்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கேயும் போனாள். புயலில் வீடு போனவள் நீதான், ஒத்துக்கொள்கிறோம், ஆனால் இப்போது கடலோரத்தில் குடியிருக்கிறவர்களுக்குத்தான் வீடு என்றார்கள். திரும்பி வந்து ஜெக்கரியா கடையில் கூடையை இறக்கினாள். அவர் டீயை ஆற்றிக் கொடுத்தார்.

"சட்டப்படி பாத்தா நீங்க வீட்டுலயும் இல்லக்கா, வீடு இல்லாமலும் இல்ல" என்றார்.

ராஜம்மாள் அன்று சாயங்காலம் மண்வெட்டியோடு கன்னிமூலைக்குப் போனாள். பழைய காலைச் சுற்றித் தோண்டி, இன்னும் இரண்டு முழம் ஆழமாக இறக்கி, செங்கல் துண்டு போட்டுக் கெட்டித்தாள்.

மறு ஆனி பிறந்தது. தண்ணீர் திறந்துவிட்ட சேதி வந்தது. சௌந்தரநாயகி நிறைமாதத்தோடு குத்தாலத்திலிருந்து வந்து இறங்கினாள். முதல் பிள்ளையைப் பறிகொடுத்த இடத்துக்கே மறுபடி ஏன் போகிறாய் என்று மாமியார் தடுத்திருக்கிறாள். அம்மாவிடம்தான் பெற்றுக்கொள்வேன் என்று இவள் பிடிவாதமாக வந்திருக்கிறாள். அதைக் கேட்டபோது ராஜம்மாளுக்கு ஒரு பக்கம் நெஞ்சு குளிர்ந்தது, ஒரு பக்கம் பயம் பிடித்தது.

காயாரோகணம் வந்து, நாளைக்கு ஏர் கட்டுகிறோம், கூரையைப் பிரித்துவிடு என்றார். பிரிக்க மாட்டேன், மகள் பெற்றுப் பிழைத்து எழுந்திருக்கிறவரை ஒரு கீற்றைக்கூட எடுக்க மாட்டேன் என்றாள். இருபது வருஷத்தில் அவள் பண்ணைக்கு மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கோபப்படவில்லை. சரி, நாங்கள் நாற்று விடுகிறோம், நீ இருந்துகொள் என்று சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு அவளைத் தூங்கவிடவில்லை.

விடிந்ததும் குடிசையைச் சுற்றி ஏர் ஓடியது. சுவரை ஒட்டி, வாசலை ஒட்டி உழுதார்கள். பிறகு மடையைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் நாலு பக்கமும் ஏறி வந்தது. ராஜம்மாள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, சேற்றை அள்ளி அள்ளிக் குடிசையைச் சுற்றி வரப்புப் போட்டாள். ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் கசிந்தது. உள்ளே தரை நசநசவென்று ஆயிற்று. மகளைக் கயிற்றுக் கட்டிலில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு மறுபடியும் வெளியே ஓடினாள். பொழுது உச்சிக்கு வரும்போது சௌந்தரநாயகி, "அம்மா, வலிக்குது" என்றாள்.

அதே நேரம் பார்த்து, கீற்றை இழுக்கிற தொரட்டியோடு இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு காயாரோகணம் வரப்பில் வந்து நின்றார். உள்ளே பிரசவ வலி என்று ராஜம்மாள் கத்தினாள். போன வருஷம் மாதிரி கொட்டகைக்குக் கூட்டிப் போ என்றார் அவர். அந்தச் சொல்தான் ரெங்கம்மாள் காதில் விழுந்தது. அடுத்த வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்த பெண்களை ஒரு கூப்பாடு போட்டு அழைத்தாள். எட்டுப் பத்துப் பேர் சேற்றில் இறங்கி வந்து குடிசையைச் சுற்றி நின்றார்கள். யாரும் கை ஓங்கவில்லை. சும்மா நின்றார்கள். தொரட்டிக்காரர்களில் ஒருவன் ரெங்கம்மாளுக்குத் தம்பி முறை. அவன் தொரட்டியைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்கினான். இன்னொருவன் போடவில்லை.

ஜெக்கரியா சைக்கிளை எடுத்துக்கொண்டு திருக்கடையூருக்குப் பறந்தார். வேறு ஊர் விசாரணைக்காகத் தாசில்தார் அன்று அங்கே முகாம் போட்டிருந்தார். அவர் ஜீப்பில் ஒரு போலீஸ்காரரோடு வந்து சேர்வதற்குள் தொரட்டி ஒரு முறை கூரையில் விழுந்து, வாசல் பக்கத்துக் கீற்று ஒன்றைப் பிய்த்திருந்தது. ராஜம்மாள் அந்தக் கீற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு விடாமல் தொங்கினாள். உள்ளே மகள் முனகுவது சாலை வரைக்கும் கேட்டது.

ஜீப்பைப் பார்த்ததும் காயாரோகணத்துக்கு அத்தனை வருஷச் சர்க்கரையும் கரைந்துவிட்டது. பெண்கள் எதிர்த்து நின்றதும், தன் ஆளே தொரட்டியைப் போட்டதும் அவரை நிதானம் இழக்கச் செய்துவிட்டன. தாசில்தார் கேட்பதற்கு முன்னாலேயே கத்த ஆரம்பித்தார்.

"நீங்களே பாருங்க சார். இருபது வருஷமா இந்த எடத்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. வருஷா வருஷம் இவளக் கெளப்புறதே பெரும்பாடு. போன வருஷம் டிராக்டர் வருதுன்னு சொல்லித்தான் அந்தக் காலையே புடுங்க வச்சேன், தெரியுமா?"

தாசில்தார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். போன வருஷம் டிராக்டர் வந்ததா என்று கேட்டார். வரவில்லை, ஏர்தான் ஓட்டினோம் என்று சேற்றிலிருந்து ரெங்கம்மாள் பதில் சொன்னாள். மாசி விசாரணையில் இங்கே யாருமே குடியிருந்ததில்லை என்று சொன்னது நீங்கள்தானே என்று தாசில்தார் அடுத்ததாகக் கேட்டார்.

"அப்ப அவங்க வீட்ட விட்டுப் போகல. நீங்க போக வச்சிருக்கீங்க" என்றார் தாசில்தார்.

காரியஸ்தர் சொன்னதை அந்த இடத்திலேயே எழுதி, கேட்ட பெண்களிடம் கைநாட்டு வாங்கினார். மனுவை மறுபடி எடுத்து விசாரிப்பதாகவும், அதுவரை இந்தக் கூரையில் யாரும் கை வைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டு, போலீஸ்காரரைச் சாலையில் நிறுத்தினார். ராஜம்மாள் இது எதையும் கேட்க அங்கே இல்லை. மகள் போட்ட சத்தத்தில் உள்ளே ஓடிவிட்டாள். தாசில்தார் சொன்னதை அப்புறம் ரெங்கம்மாள்தான் அம்மாவுக்கும் மகளுக்கும் வார்த்தை மாறாமல் ஒப்பித்தாள். யாரோ போய் மடையை அடைத்தார்கள். ஹலீமா பழைய வெள்ளைப் புடவைகளை மூட்டையாகக் கட்டி, நனையாமல் தலையில் வைத்துச் சேற்றைக் கடந்து வந்தாள். பொழுது சாய்வதற்குள் பெண் பிள்ளை பிறந்தது. அடுப்பில் தீ எரிந்தது. துணி காய்ந்திருந்தது. பிள்ளை அழுதுகொண்டே இருந்தது, அதை அடக்க யாருக்கும் மனசு வரவில்லை.

மறுவிசாரணை, அப்பீல் என்று இழுத்துப் பட்டா கைக்கு வர இன்னும் இரண்டு அறுவடை ஆயிற்று. ஆனால் இந்தக் கதை முடிந்தது அதற்கெல்லாம் முன்னால், பிள்ளை பிறந்த பத்தாம் நாள். பிறப்பை எழுதிக்கொள்ளக் கிராம முன்சீப் வந்தார். மேட்டைச் சுற்றி நாற்று பச்சையாக எழும்பியிருந்தது. குடிசை நின்ற இடம் மட்டும் விட்டு, மிச்ச மேட்டில் விதை விட்டிருந்தார்கள். முன்சீப் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பு மேலே நடந்து வந்து வாசலில் உட்கார்ந்தார். குழந்தை பெண், பெயர் இன்னும் வைக்கவில்லை, தகப்பன் பெயர் இன்னது என்று வரிசையாக எழுதிக்கொண்டார்.

பிறந்த இடம் எது என்று கேட்டார். மடையடித் தாக்கு, ராஜம்மாள் வீடு என்றாள். பங்குனியில் இதே வாசலில் நின்று பேசியது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். தலையை நிமிர்த்தாமல் எழுதினார். எழுதி முடித்து எழுந்திருக்கப் போனவரை ராஜம்மாள் நிறுத்தினாள்.

"இன்னொரு புள்ள இருக்குங்க. போன வருஷத்துது. ஆனி அஞ்சாம் தேதி காலையில போயிட்டான். அவனையும் எழுதிக்கங்க."

சௌந்தரநாயகி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். அந்தப் பிள்ளையின் பேச்சை அம்மா எடுத்தது இந்த ஒரு வருஷத்தில் இரண்டாவது தடவை. முன்சீப் தயங்கினார். வருஷம் கழித்து எழுதுவது வழக்கமில்லை என்றார், அதற்கு மேலே யாரையாவது கேட்க வேண்டும் என்றார். பிறகு தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"அது எங்க பொறந்துச்சு?"

மாசியில் இதே தேதிக்காக அத்தனை பேர் முன்னால் கேட்டபோது ராஜம்மாள் மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள். சௌந்தரநாயகி மெல்லத் தலையை அசைத்தாள்.

ராஜம்மாள் கன்னிமூலைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அதே வீடுதாங்க" என்றாள்.